கிரேடு குறைந்தால் கல்லீரல் தேறிவிட்டதா?

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்தால் பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ‘கிரேடு 3’ என்று வந்தால் கல்லீரலே போய்விட்டது என்று கலங்கிப்போகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். கிரேடு 1 என்று எழுதப்பட்டவருக்குக் கல்லீரலில் நிறையத் தழும்பு விழுந்திருக்கலாம். கிரேடு 3 என்று எழுதப்பட்டவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம். கிரேடு சொல்வது கொழுப்பின் அளவை. ஆயுளைத் தீர்மானிப்பதோ தழும்பு. இந்த நோய் வருவதும் போவதும் புரிய வேண்டுமானால் இந்த இரண்டையும் முதலில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் எடுப்பவர் திரையில் எதைப் பார்த்து கிரேடு போடுகிறார்? கல்லீரலையும் அதை ஒட்டி இருக்கும் வலது சிறுநீரகத்தையும் ஒரே படத்தில் கொண்டுவருவார். சாதாரணமாக இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். கொழுப்பு ஏறிய கல்லீரல் ஒலி அலைகளை அதிகமாகச் சிதறடிப்பதால் சிறுநீரகத்தைவிட வெளுத்துத் தெரியும். வெளுப்பு மட்டும் என்றால் கிரேடு 1. உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் சுவர் மங்கத் தொடங்கினால் கிரேடு 2. உதரவிதானக் கோடும் கல்லீரலின் பின்பகுதியும் கண்ணுக்கே சிக்காவிட்டால் கிரேடு 3. எல்லாம் கண் மதிப்பீடுதான். ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் பார்த்தால் இரண்டு கிரேடு வரலாம். மருத்துவ இலக்கணப்படி 5 சதவீத கல்லீரல் செல்களுக்கு மேல் கொழுப்புத் துளிகள் இருந்தாலே அது கொழுப்புக் கல்லீரல். சாதாரண அல்ட்ராசவுண்டுக்கோ, அது 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் நம்பகமாகப் பிடிபடும். ஆகவே ‘ஸ்கேன் நார்மல்’ என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது.

கொழுப்பு வரும் மூன்று வழிகள்

‘எண்ணெயைக் குறைத்துவிட்டேன், ஆனாலும் குறையவில்லையே’ என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல். காரணம் எளிது. கல்லீரலில் சேரும் டிரைகிளிசரைடில் (உடல் கொழுப்பைச் சேமித்து வைக்கும் வடிவம்), நாம் சாப்பிடும் கொழுப்பின் நேரடிப் பங்கு சிறியது. 2005-இல் வெளியான ஒரு முக்கியமான ஆய்வு, உடல் பருமனும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவர்களில் இதை அளந்து பார்த்தது. கல்லீரல் கொழுப்பில் சுமார் 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தத்தில் கசிந்து வந்த கொழுப்பு அமிலங்கள். சுமார் 26 சதவீதம், சர்க்கரையிலிருந்தும் மாவுச்சத்திலிருந்தும் கல்லீரலே புதிதாகத் தயாரித்தது. உணவுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம் மட்டுமே.

இந்த மூன்றையும் இணைப்பது இன்சுலின். கொழுப்புத் திசுவுக்கு இன்சுலின் இடும் முக்கியமான கட்டளை, ‘சேமித்ததை வெளியே விடாதே’ என்பது. தோலடியில் இடம் நிரம்பி, வயிற்றுக்குள் கொழுப்பு சேரத் தொடங்கிய உடலில் அந்தக் கட்டளைக்கு மதிப்புக் குறைகிறது. இரவும் பகலும் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் இறங்கிக் கல்லீரலுக்குப் போகின்றன. கட்டளை எடுபடாததால் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் கல்லீரலில் செய்யும் வேலை வேறு: சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் நொதிகளை அது முடுக்கிவிடுகிறது. ஆக, ஒரே கோளாறு இரண்டு பக்கமிருந்தும் கல்லீரலை நிரப்புகிறது.

ஃபிரக்டோஸ் இந்தக் கதையில் தனியாகச் சொல்லவேண்டிய ஒன்று. குளுக்கோஸை உடல் முழுவதும் பயன்படுத்திக்கொள்ளும். ஃபிரக்டோஸின் பெரும்பங்கு குடலிலும் கல்லீரலிலும்தான் கையாளப்படுகிறது. குளுக்கோஸுக்கு உள்ள கட்டுப்பாட்டுப் படிகளில் முக்கியமான ஒன்றைத் தாண்டியே அது நுழைகிறது. அளவு மிஞ்சினால் நேராகக் கொழுப்பு உற்பத்திக்குப் போகும். முழுப் பழத்தில் அளவு குறைவு, நார்ச்சத்து இருப்பதால் மெதுவாகவும் வரும்; அதற்குப் பயப்பட வேண்டாம். திரவமாக வருவதுதான் சிக்கல். 330 மில்லி கோலா ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, அதில் பாதியளவு ஃபிரக்டோஸ். பழச்சாறும் இந்த விஷயத்தில் கோலாவுக்குப் பெரிதாக மாறுபட்டதில்லை. இனிப்புப் பானங்களை அடியோடு நிறுத்துவதுதான் ஒருவர் எடுக்கக்கூடிய முதல் முடிவு என்பேன். இத்தனை எளிதாக இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறு இல்லை.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. 2008-இல் அடையாளம் காணப்பட்ட பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றம் இருப்பவர்களுக்குக் கொழுப்பும் எளிதில் சேரும், தழும்பும் எளிதில் விழும். ஒல்லியாக இருப்பவருக்கு ஏன் வருகிறது என்ற கேள்விக்கு இது ஒரு பதில். மற்றொரு பதில், எடை சரியாக இருந்தாலும் வயிற்றுக்குள் சேர்ந்திருக்கும் கொழுப்பு. எடை மெஷினோடு இஞ்சு டேப்பையும் எடுங்கள்.

2023-இல் இந்த நோயின் பெயரையே மாற்றினார்கள். ‘மது சாராத’ என்று தொடங்கும் பழைய பெயர் போய், எம்ஏஎஸ்எல்டி என்ற வளர்சிதைமாற்றக் கோளாறைச் சுட்டும் பெயர் வந்தது. இப்போதைய வரையறைப்படி கல்லீரலில் கொழுப்போடு இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்: கூடுதல் எடை அல்லது இடுப்புச் சுற்றளவு (ஆசியர்களுக்கு பிஎம்ஐ 23-லிருந்தே கணக்கு), வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 5.7 முதல், ரத்த அழுத்தம் 130/85 முதல், டிரைகிளிசரைடு 150 முதல், நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் ஆண்களுக்கு 40-உம் பெண்களுக்கு 50-உம் அல்லது அதற்குக் கீழ். கூடவே மது, வாரத்துக்கு ஆண்களுக்கு 210 கிராம், பெண்களுக்கு 140 கிராம் ஆல்கஹாலுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மதுவும் சேர்ந்த வகை. இந்த எல்லை வகைப்படுத்துவதற்கு மட்டும்தான். அதற்குள் குடித்தால் பாதுகாப்பு என்று பொருள் இல்லை. தழும்பு எஃப்2 அளவை (ஐந்து நிலைகளில் நடு நிலை) எட்டிவிட்டால் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

வேறு காரணங்களையும் மருத்துவர் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட வேண்டும். ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், டாமாக்சிஃபென், அமியோடரோன், வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள், ஹெபடைட்டிஸ் சி, தைராய்டு குறைவு, இளவயதினரில் வில்சன் நோய் (உடலில் செம்பு தேங்கும் மரபுநோய்).

கொழுப்பிலிருந்து தழும்புக்கு

கொழுப்புத் துளிகளைச் சுமக்கும் செல் ஒன்றும் உடனே சாவதில்லை. டிரைகிளிசரைடாகப் பொதிந்து வைப்பது ஒருவகையில் செல்லின் தற்காப்பு. அந்தக் கொள்ளளவு தாண்டும்போதுதான் ஆபத்து. சுதந்திரமாகத் திரியும் கொழுப்பு அமிலங்கள் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் சிரமப்படுத்துகின்றன, செல் பலூன்போல உப்புகிறது, அழற்சி செல்கள் வந்து கூடுகின்றன. இந்தக் கட்டம்தான் எம்ஏஎஸ்எச். முன்பு நாஷ் என்றார்கள்.

கல்லீரல் செல்களுக்கும் நுண்குழாய்களுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கில் விண்மீன் வடிவச் செல்கள் ஒடுங்கி இருக்கும். அமைதிக் காலத்தில் அவற்றின் வேலை வைட்டமின் ஏ-யைச் சேமிப்பது. அக்கம்பக்கத்துச் செல்கள் தொடர்ந்து அடிபட்டால் அவை வைட்டமின் ஏ-யை இழந்து, உருமாறி, கொலாஜன் இழைகளைக் கக்கத் தொடங்கும். அதுதான் தழும்பு. எஃப்0 முதல் எஃப்4 வரை அதற்கு ஐந்து நிலைகள். எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை. வெறும் கொழுப்பு மட்டும் உள்ளவர்களுக்கு ஒரு நிலை ஏறச் சராசரியாக 14 ஆண்டுகளும், அழற்சியும் சேர்ந்தவர்களுக்கு 7 ஆண்டுகளும் ஆகின்றன என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கிடைத்த கணக்கு. சராசரி என்பதை மறக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களில் சிலர் இதைவிட வேகமாக ஏறிவிடுகிறார்கள்.

இந்தப் பாதை முழுக்க வலி இருக்காது. கல்லீரல் செல்கள் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் நொதியான ஏஎல்டி (எஸ்ஜிபிடி) உயரவேண்டும் என்றும் கட்டாயமில்லை. ஆகையால் தழும்பைத் தனியாகத்தான் தேட வேண்டும். அதற்கான முதல் சோதனைக்குப் புது ரத்தம்கூட வேண்டாம். கையில் இருக்கும் ரிப்போர்ட் போதும். ஃபிப்-4 என்று பெயர். வயதை இன்னொரு நொதியான ஏஎஸ்டியால் (எஸ்ஜிஓடி) பெருக்குங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரங்களில் எழுதி, அதை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் விடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வயது 48, ஏஎஸ்டி 46, ஏஎல்டி 64, பிளேட்லெட் 2,10,000. மேலே 48 × 46 = 2208. கீழே 210 × 8 = 1680. விடை 1.31. 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 2.67-க்கு மேலே போனால் வாய்ப்பு அதிகம். இவர் எல்லைக்கோட்டில் நிற்கிறார், அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். அதே எண்களோடு பிளேட்லெட் மட்டும் 1,40,000 ஆக இருந்தால் விடை 1.97. ரிப்போர்ட்டில் யாரும் பெரிதாகப் பார்க்காத பிளேட்லெட் எண் இங்கே எவ்வளவு பேசுகிறது பாருங்கள். 35 வயதுக்குக் கீழே இந்தச் சூத்திரம் நம்பகமில்லை. 65-ஐத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 1.3 இல்லை, 2.0. காய்ச்சலோ வேறு நோயோ பிளேட்லெட்டை இறக்கியிருக்கும் சமயத்து ரிப்போர்ட்டை வைத்துக் கணக்கிடக் கூடாது.

அடுத்தது கல்லீரலின் விறைப்பை வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். அது இரண்டு எண்கள் தரும். சிஏபி என்பது கொழுப்பு, அலகு டெசிபல்/மீட்டர். கேபிஏ (கிலோபாஸ்கல்) அலகில் வருவது விறைப்பு, அதாவது தழும்பின் அடையாளம். 8 கேபிஏ-க்குக் கீழ் என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 8 முதல் 12 வரை இடைப்பட்டது, 12-க்கு மேல் கவலைக்குரியது. எடுக்கும் விதம் தவறினால் எண்ணும் தவறும். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும்; சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி விறைப்பு ஏறிக் காட்டும். இதயச் செயலிழப்பு, பித்தநாள அடைப்பு, கடுமையான கல்லீரல் அழற்சி ஆகியவையும் போலியாக ஏற்றிக் காட்டும். பருமனானவர்களுக்கு எக்ஸ்எல் புரோப் (ஆழமாக அளக்கும் பெரிய கருவிமுனை) தேவைப்படும். ரிப்போர்ட்டில் குறைந்தது 10 செல்லுபடியான அளவுகளும், ஐக்யூஆர்/மீடியன் (அளவுகளுக்கிடையே உள்ள சிதறல்) 30 சதவீதத்துக்குள்ளும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மறுபடி எடுக்கச் சொல்வதில் தவறே இல்லை.

பின்வாங்கும் வரிசை

வந்த வழியில்தான் நோய் திரும்பும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். கொழுப்பு முதலில் கிளம்பும், அதுவும் ஆச்சரியமான வேகத்தில். 2011-இல் பிரிட்டனின் நியூகாசிலில் டைப் 2 நீரிழிவு உள்ளவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்பில், நாளுக்கு சுமார் 600 கலோரி உணவு கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் இறங்கியது. 8 வாரத்தில் சராசரி சுமார் 13 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு வந்தது. அத்தனை கடும் உணவுமுறையை யாரும் தானாகச் செய்யக் கூடாது. கல்லீரல் எவ்வளவு சீக்கிரம் காலி செய்யத் தயாராக இருக்கிறது என்பதைக் காட்டவே இதைச் சொன்னேன். மதுவால் மட்டுமே வந்த கொழுப்பும், குடியை முழுதாக விட்டால் சில வாரங்களில் பெரும்பாலும் வடிந்துவிடும்.

அழற்சி அடங்க மாதங்கள் ஆகும். ஏஎல்டி இறங்குவது அதற்கு ஓர் அடையாளம். 17 யூனிட்டோ அதற்கு மேலோ குறைந்தால் திசுவிலும் முன்னேற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். எடை வேகமாக இறங்கும் முதல் வாரங்களில் ஏஎல்டி கொஞ்சம் ஏறிக்கூடக் காட்டலாம், அதைப் பார்த்துவிட்டு முயற்சியைக் கைவிடாதீர்கள். தழும்புதான் கடைசி. அடிபடுவது நின்றால் விண்மீன் செல்கள் ஓய்கின்றன, சில அழிகின்றன, அழற்சி செல்களில் ஒரு வகையே கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. ஆனால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து பழையதாகிவிட்ட தடித்த தழும்பு அவ்வளவு எளிதில் இளகாது. இதற்குக் கணக்கு ஆண்டுகளில்.

எவ்வளவு எடை குறைய வேண்டும்? 2015-இல் கியூபாவிலிருந்து வந்த ஆய்வு ஒன்று, 293 பேரை 52 வாரம் பின்தொடர்ந்து, முன்னும் பின்னும் பயாப்சி (கல்லீரல் திசுத் துணுக்கு) எடுத்துப் பார்த்தது. 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது; 45 சதவீதம் பேருக்குத் தழும்பு பின்வாங்கியது. பொதுவாகக் கொழுப்புக் குறைய 3 முதல் 5 சதவீதம், அழற்சிக்கு 7 முதல் 10, தழும்புக்கு 10-உம் அதற்கு மேலும் என்று வைத்துக்கொள்ளலாம். 85 கிலோ இருப்பவருக்கு இது முறையே 4 கிலோ, 6 கிலோ, 8.5 கிலோ. ஒல்லியானவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஹாங்காங் ஆய்வொன்றில், பருமன் இல்லாதவர்களில் பாதிப் பேர் 3 முதல் 5 சதவீதம் குறைத்தபோதே கொழுப்பு 5 சதவீதத்துக்குள் இறங்கி ரெமிஷனுக்கு (நோய் அடங்கிய நிலைக்கு) வந்தார்கள். பருமன் உள்ளவர்களுக்கு அதே பலனுக்கு 7 முதல் 10 சதவீதம் தேவைப்பட்டது.

வேகம் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ. ஒன்றரை கிலோவைத் தாண்டிப் போனால் பித்தப்பைக் கல் உருவாகும் ஆபத்து கூடுகிறது, கல்லீரலில் அழற்சியும் சற்று ஏறலாம். தினத் தேவையிலிருந்து 500 முதல் 750 கலோரி குறைத்தால் பெரும்பாலோர்க்கு இந்த வேகம் கிடைக்கும். எந்த உணவுமுறை சிறந்தது என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஓராண்டு கடைப்பிடிக்க முடிவதே சிறந்தது. புரதத்தைக் குறைப்பதுதான் பலர் செய்யும் பிழை. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் அளவில் புரதம் எடுக்கலாம். இல்லையென்றால் கொழுப்போடு தசையும் கரையும். சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும் பெரிய இடமே தசைதான். அதை இழப்பது நோய்க்குச் சாதகம்.

உடற்பயிற்சி எடை குறையாவிட்டாலும் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கிறது. மூச்சு வாங்கும் வேகத்தில் வாரம் 150 நிமிட நடை, அதோடு இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. நிறுத்தினால் பலனும் நிற்கும். காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன, சர்க்கரை போடாமல் இரண்டு மூன்று கப் குடிப்பவர்கள் நிறுத்த வேண்டியதில்லை.

மருந்து விஷயத்தில் காலம் மாறியிருக்கிறது. மெட்ஃபார்மின் நீரிழிவுக்கு நல்லது, ஆனால் கல்லீரல் திசுவைத் தேற்றுவதில்லை. பலருக்கும் எழுதித்தரப்படும் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலமும் சோதனைகளில் தேறவில்லை. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெடிரோம் மாத்திரை, 2025 ஆகஸ்டில் எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் 2.4 மில்லிகிராம் வார ஊசி, இரண்டும் எஃப்2, எஃப்3 தழும்புள்ள எம்ஏஎஸ்எச்-க்கு அனுமதி பெற்றன. செமாக்ளூடைட் சோதனையில் 72 வாரத்தில் 62.9 சதவீதம் பேருக்கு அழற்சி நீங்கியது. போலி ஊசி போட்டவர்களில் 34.3 சதவீதம். தழும்பு குறைந்தவர்கள் 36.8 சதவீதம், எதிரணியில் 22.4. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புவது வழக்கம் என்பதால், அதை நீண்டகாலச் சிகிச்சையாகவே எண்ணி இறங்க வேண்டும். ஏஎல்டி ஏறியிருக்கிறது என்று கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினைத் தாமாக நிறுத்துபவர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நிறுத்தாதீர்கள். இந்நோயில் உயிரிழப்புக்கு முதல் காரணம் இதய, ரத்தநாள நோய். ஸ்டாட்டின் அங்கேதான் காப்பாற்றுகிறது. ‘லிவர் டிடாக்ஸ்’ என்ற பெயரில் விற்கும் செறிவூட்டப்பட்ட கிரீன் டீ, மஞ்சள் கேப்ஸ்யூல்களால் நல்ல கல்லீரலே கெட்டுப்போன சம்பவங்கள் மருத்துவப் பதிவில் உண்டு.

இனி, தலைப்பில் கேட்ட கேள்வி. எடையும் குறைந்து, சர்க்கரையும் இறங்கி, அதோடு கிரேடும் குறைந்தால் அது உண்மையான முன்னேற்றம். எதையும் மாற்றாமல் கிரேடு தானாகக் குறைந்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். சிரோசிஸ் முற்றும்போது கல்லீரலில் கொழுப்பு தானே மறைந்துபோவது உண்டு. ஏஎல்டியும் இறங்கி, ஏஎஸ்டி அதைவிட அதிகமாக நிற்கும், பிளேட்லெட் ஆண்டுக்காண்டு சரியும். ஸ்கேன் காகிதத்தில் மட்டும் பார்த்தால் குணமானதுபோலவே இருக்கும். அந்த இடத்தில் ஃபிப்-4-உம் ஃபைப்ரோஸ்கேனும் போடாமல் விட்டால் நோய் அடுத்து வெளிப்படுவது வயிற்று வீக்கமாகவோ ரத்த வாந்தியாகவோ இருக்கக்கூடும்.

ஃபிப்-4 எல்லைக்குள் இருந்தால், நீரிழிவோ இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆபத்துக் காரணிகளோ உள்ளவர்கள் 1 முதல் 2 ஆண்டுக்கு ஒருமுறையும், மற்றவர்கள் 2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறையும் திரும்பக் கணக்கிட்டால் போதும். எடை திரும்பினால் கொழுப்பும் சில மாதங்களில் திரும்பும் என்பதால் மெஷினில் 3 கிலோ ஏறியதுமே விழித்துக்கொள்வது நல்லது. சிரோசிஸ் இருப்பதாக ஒருமுறை உறுதியானவர்களுக்கு இந்தத் தளர்வு கிடையாது. எண்கள் எவ்வளவு நன்றாக மாறினாலும் கல்லீரல் புற்றுநோய்க்காக 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் தொடர வேண்டும். 20 கேபிஏ-க்கு மேலோ, பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழோ போனால் உணவுக்குழாய் ரத்தநாள வீக்கம் இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பியும் பார்த்துவிட வேண்டும். ஹெபடைட்டிஸ் ஏ, பி தடுப்பூசிகள் போடாதவர்கள் அதையும் போட்டுக்கொள்ளலாம்.